ராஜப்பனுக்கு மூன்று வாழ்த்துரைகள்

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி சுகுணா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் பதிவு என்று மூன்றுதான் எழுதியிருக்கும். நான்காவதாக ஒரு வேலையும் அங்கே நடக்கிறது. அதற்குப் போர்டு கிடையாது, தேவையும் இல்லை. யாருடைய கையிலாவது மைக்கைத் திணிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்த ஆள் நேராக இந்தக் கடைக்கு வந்துவிடுவார். ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் எல்லாம் கலைகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிட்டாங்க" என்பார். ஊசி போடக் கூட்டி வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும் அவர் முகம்.

சுகுணா எழுதிக் கொடுப்பாள். காதணி விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, கபடிப் போட்டிப் பரிசளிப்பு, இரங்கல் கூட்டம், எதுவானாலும் சரி. கூலி என்று கேட்டதில்லை. பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு போகிறவர்கள் ஒரு கூடையை இறக்கிவிட்டுப் போவார்கள். வத்தல்மலைக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்தில் தான் பேசியதைக் கேட்டு சம்பந்தி அழுததற்காக, ஒரு பை மிளகோடு வந்தார்.

எல்லாருக்கும் ஒரே பேச்சைப் பேரை மாற்றிக் கொடுக்கிற ஆள் இல்லை அவள். முதலில் ஒரு கேள்வி கேட்பாள். "கோபம் வந்தா என்ன சொல்லித் திட்டுவீங்க?"

வந்தவர் நெளிவார். "அதெல்லாம் எதுக்குங்க அக்கா?"

"சும்மா சொல்லுங்க. மெஷின் சத்தத்துல வெளிய கேக்காது."

திட்டும்போது யாரும் அடுத்தவர் தமிழைக் கடன் வாங்குவதில்லை என்பது சுகுணாவின் கண்டுபிடிப்பு. ஒருவர் நீட்டி முழக்கித் திட்டுவார், இன்னொருவர் ஒரே சொல்லில் வெட்டிப் போட்டுவிடுவார். அதைக் கேட்டுக்கொண்டால் அந்த வாய்க்கு எந்த அளவில் வாக்கியம் தைக்கலாம் என்று தெரிந்துவிடும். மூச்சிரைப்பு உள்ளவருக்குச் சின்னச் சின்ன வாக்கியம். மூக்கால் பேசுகிறவருக்கு ஙகரமும் ஞகரமும் குறைவு. சொல்வன்மை, நாவன்மை என்றெல்லாம் பெரிய பெயர் வைத்து அதை ஏதோ வானத்திலிருந்து இறங்குகிற வரம் போல் பேசுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். பேசுகிறவர் வாயில் உறுத்தாமல் இருக்க வேண்டும், கேட்கிறவர் மனதில் கொஞ்சம் உறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய இலக்கணம்.

காதல் கடிதம் மட்டும் எழுத மாட்டாள். காலேஜ் பையன்கள் வந்து கெஞ்சினால், "அதைச் சொந்தமாத் தப்புத் தப்பா எழுதுனாத்தான்டா வேலைக்கு ஆகும்" என்று விரட்டிவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ராஜப்பன். ஊருக்கு வெளியே இருக்கிற மாங்கூழ் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். பாய்லர் பக்கத்தில் நின்று யாரும் பேச முடியாது, பேசினாலும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். ராஜப்பன் அந்தச் சாடையை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். இரண்டு விரலை மடக்கினால் இன்னும் கொஞ்சம் சோறு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் போதும். குழம்பில் உப்பு குறைந்தால் "உப்பு" என்று வாயைத் திறப்பார். குழம்பு அமிர்தமாக இருந்தால் அந்த ஒரு சொல்லும் கிடையாது. நல்ல மனிதர், தங்கமான மனிதர், அதில் சுகுணாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், "நல்லாருக்கு சுகுணா" என்று சொல்லியிருக்கலாம். குழம்பைக்கூட அல்ல, எதையாவது. ஊருக்கெல்லாம் சொல் கொடுக்கிறவளுக்கு வீட்டில் ஒரு சொல் கிடைக்காதது உள்ளுக்குள் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது.

இந்த ஆண்டு மாம்பழ சீசன் முடிகிற நேரத்தில் ராஜப்பனுக்கு ஓய்வு. ஆலையில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று.

முதலில் வந்தவர் சங்கச் செயலாளர் நிசார் அகமது. "சுகுணாக்கா, அண்ணனுக்கு நான்தான் முதல்ல பேசறேன். நீங்கதான் எழுதித் தரணும். அண்ணனுக்குத் தெரிய வேணாம், வேற யாருக்குமே தெரிய வேணாம்." அடுத்து வந்தவர் கணக்குப் பிரிவு லூர்துமேரி, அதே வேண்டுகோளோடு. மூன்றாவதாக ஆலை மேலாளரே காரை விட்டு இறங்கி வந்தார். ஓசூரைத் தாண்டி ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். லோடு வந்ததா, எத்தனை டன் என்கிற அளவுக்குத் தமிழ் பேசுவார், படிக்க வராது. "மேடம், யாருக்கும் சொல்பேடா. சீக்ரெட்" என்றார்.

மூன்று பேரும் தனித்தனியாக வந்து, மூன்று பேரும் ரகசியம் என்று சொல்லி, மூன்று பேரும் தன் புருஷனைப் புகழ வார்த்தை கேட்கிறார்கள்! சுகுணாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துத் தையல் கடை நஜ்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டாள்.

"உங்க வூட்டுக்காரரை நீங்களே புகழ்ந்து ஊரார் வாயில ஊட்டி வுடறீங்களா?" என்று நஜ்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான்காவதாக ராஜப்பனே கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் மாதிரி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏற்புரை" என்றார்.

"யார் யாருக்கு நன்றி சொல்லணும்?"

"எல்லாருக்கும்."

அந்த ஏற்புரையை எழுதும்போது, 'என் வாழ்க்கைத் துணைவியாருக்கும்' என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. சுகுணா பேனாவை நிறுத்திப் பார்த்தாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டாள். மேலாளருக்கு நன்றி இருந்தது, சங்கத்துக்கு இருந்தது, கேன்டீன் டீக்குக்கூட ஒரு வரி இருந்தது. மனைவிக்கு இல்லை. அதை அவராகச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன்னால், அவர் வாயால், அவருடைய சொல்லால். சொல்வாரா?

மற்ற மூன்றையும் எழுத உட்கார்ந்தாள். இங்கேதான் வந்தது வினை.

நிசார் அகமதுக்கு மேஜையைக் குத்திக் குத்திப் பேசுவதுதான் பழக்கம். அதனால் குத்து விழுகிற இடமெல்லாம் வாக்கியம் முடிகிற மாதிரி அமைத்தாள். லூர்துமேரி கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், நிதானமான குரல், அதற்கேற்ப நீண்ட வரிகள். மேலாளர் வாயில் ழகரம் நுழையாது. ஆகவே அவருடைய பேச்சில் ஒரு ழகரம்கூட இல்லாமல் எழுதினாள். மாம்பழம் இல்லை, கூழ் இல்லை, தொழிலாளி இல்லை, வாழ்த்துகூட இல்லை. மாங்கூழ் ஆலை விழாவுக்கு இப்படி ஒரு பேச்சை வேறு யாராவது எழுதிக் காட்டட்டும் பார்க்கலாம்! தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி, இரண்டு பேருக்கு ஆதார் நகலைத் தலைகீழாக எடுத்துக் கொடுத்தாள்.

வாய் அளவு சரியாக இருந்தது. யாருடைய வாய் என்பதுதான் நடுவழியில் மறந்துபோனது. ராஜப்பன் என்று எழுதியவுடன் பேனா அவள் பேச்சைக் கேட்கவில்லை, அதுபாட்டுக்கு ஓடியது. எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்கவும் பொறுமை இல்லை. கவரில் போட்டு ஒட்டிவிட்டாள். மேலாளருடைய பேச்சை மட்டும் நஜ்மாவிடம் கொடுத்தாள். நஜ்மா பெங்களூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அங்கே கன்னடத்தில் படித்தவள். தமிழ் வரிகளை அப்படியே கன்னட எழுத்தில் எழுதித் தந்தாள். தரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுகுணா அதைக் கவனிக்கவில்லை.

விழா அன்று சாயங்காலம் ஆலை ஷெட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஷெட் முழுக்க மாம்பழ வாசம். மேடையில் ராஜப்பனும் சுகுணாவும் மாலையோடு, கல்யாணக் கோலத்தில். ராஜப்பன் பாய்லர் மீட்டரைப் பார்க்கிற அதே முகத்தோடு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிசார் அகமது எழுந்தார். "எங்கள் ராஜப்பன் அண்ணன் இருக்கிற இடத்தில் ஆவி இருக்கும்! ஆணவம் இருக்காது!" மேஜையில் ஒரு குத்து. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சுகுணாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நிசார் அகமது உற்சாகமாகத் தாளைத் திருப்பினார். "வேலை முடித்து வரும்போது அவர் மேல் ஒரு வாசம் வரும்! மாம்பழமும் புகையும் கலந்த வாசம்!" குத்து. "குளித்த பிறகும் போகாது!" குத்து. "தலையணையில்கூட இருக்கும்!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. நிசார் அகமது தாளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மேஜையைக் குத்தாமலேயே உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

சுகுணாவுக்குச் சுரீரென்றது. ஐயோ, மற்ற இரண்டிலும் என்ன எழுதித் தொலைத்தேன்?

லூர்துமேரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கோயிலில் நிற்பது போல் நின்று ஆரம்பித்தார். ராஜப்பனின் நேர்மை, நேரந்தவறாமை, எல்லாம் அழகாகப் போனது. "இரக்கம் என்பதை அவர் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் அவரே ரசம் வைப்பார். மிளகு கொஞ்சம் அதிகமாக இருக்கும். நான் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும் மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டு எதிரில் நிற்..." என்று வாசித்தவர் நிறுத்தினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லூர்துமேரி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "என்று சுகுணாம்மா எழுதி... சொல்லி... சொல்லியிருக்கிறார்கள்" என்று முடித்து, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

சிரிப்பு இப்போது ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பியது. சுகுணா மாலையைத் தூக்கி முகத்தை மறைத்தாள். ரோஜா இதழ் மூக்குக்குள் போய்த் தும்மல் வேறு வந்தது. ராஜப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. சிரிப்பா, கோபமா, அவமானமா என்று அந்தக் காதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலாளர் எழுந்தார். முந்தைய இரண்டு பேச்சும் அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. கூட்டம் குஷியாக இருக்கிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. தானும் சளைத்தவன் இல்லை என்று கன்னட எழுத்தில் இருந்த தாளை விரித்து, கம்பீரமாக, ஒரு சொல் தடுக்காமல் வாசித்தார்.

"ராஜப்பன் யாரிடமும் கவலையைக் காட்டாதவர். ஆனால் இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்கும்போது, அவருடைய புருவங்களுக்கு நடுவே ஒரு சுருக்கம் வரும். சொல்லாமல் வைத்த கவலையெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். அருகில் அமர்ந்து, விரலால் மெல்லத் தடவிக்கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிடும்!"

மேலாளர் தாளை மடித்துக்கொண்டு, கைதட்டலை எதிர்பார்த்துக் கூட்டத்தைப் பார்த்தார்.

"சார், எந்த ஷிஃப்ட்டுல சார்?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான். கூட்டம் உடைந்தது. சிலர் நாற்காலியிலிருந்து சரிந்தார்கள். பேக்கிங் செக்ஷன் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மிக்சர் பொட்டலம் ஒன்று தானாகப் பறந்தது. "ஏனாயித்து? ஏனாயித்து?" என்று மேலாளர் நிசார் அகமதுவைக் கேட்டார். என்ன ஆயிற்று என்பதை அவர் காதோடு காதாகச் சொன்னார். மேலாளர் ராஜப்பனுடைய நெற்றியைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு தானும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் கேட்டார்.

சுகுணா மேடை ஓரமாகத் தலையைத் திருப்பி, கீழே நின்ற நஜ்மாவைப் பார்த்தாள். "நீ எழுதறப்பவே பாத்தியாடி?" என்று உதட்டசைவில் கேட்டாள்.

"பாத்தேன்க்கா. நல்லாருந்துச்சு. அதான் வுட்டுட்டேன்" என்று நஜ்மா சத்தமாகவே சொன்னாள்.

யார் எழுதிய பேச்சுகள் என்பது இப்போது ஷெட்டுக்கே தெரிந்துவிட்டது. செல்போன்கள் எல்லாம் சுகுணா பக்கம் திரும்பின. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திப் பொத்தி அடக்கினாள். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் கிடந்து உதைத்தது. வீட்டுக்குள் ஒரு சொல் சொல்லவே கூசுகிற மனிதரை, தலையணை வரைக்கும் இழுத்து வந்து ஆலை முழுக்கப் பரப்பிவிட்டாளே. இனி அவர் எங்கே பேசப் போகிறார்? இருந்த ஒரு வாய்ப்பையும் தன் பேனாவாலேயே கெடுத்துக்கொண்டாள்.

"அடுத்ததாக ஏற்புரை" என்று மைக்கில் அறிவித்தார்கள்.

ராஜப்பன் எழுந்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். அளவுமானியைப் பார்த்து எண் சொல்கிற குரல். மேலாளருக்கு நன்றி. சங்கத்துக்கு நன்றி. உடன் வேலை செய்தவர்களுக்கு நன்றி. கேன்டீன் டீக்கும் நன்றி. "நன்றி, வணக்கம்." தாளை மடித்தார். எழுதியதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

சுகுணா கைதட்டினாள். அவளுக்குத் தெரிந்ததுதான், எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் தான் அடித்துவிட்ட அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது.

ராஜப்பன் உட்காரவில்லை. மைக் முன்னாலேயே நின்றார். தாளை மடித்த கை மறுபடி பைக்குள் போகாமல் அந்தரத்தில் இருந்தது.

"ஒன்னு சொல்லணுங்க" என்றார்.

கூட்டம் திடுக்கிட்டு அடங்கியது. ராஜப்பன் ஒன்று சொல்லணும் என்று சொல்லி அந்த ஆலையில் யாரும் கேட்டதில்லை.

"தூங்கறப்ப நெத்தியில சுருக்கம் வரும்னு சார் சொன்னாருங்க. எனக்குத் தெரியாதுங்க. நான் தூங்கிட்டிருப்பேன்ல."

சிரிப்பு எழுந்தது. அவர் அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சு வூட்டுக்குப் போறப்ப ஒரே எரிச்சலாப் போவேனுங்க. பாய்லர் சூடு, அது இதுன்னு மனசுல ஆயிரம் இருக்கும். படுத்துத் தூங்கி எந்திரிச்சா ஒன்னும் இருக்காது. தெளிவா ஆயிரும். தூக்கம்தான் சரி பண்ணுதுன்னு நெனச்சிட்டிருந்தேன், இத்தன வருசமா."

நிறுத்தினார். சுகுணா பக்கம் திரும்பினார். மேடை ஏறியதிலிருந்து இப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"தூக்கம் இல்லீங்க" என்றார்.

மைக்கை விட்டு நகர்ந்தார்.

பேக்கிங் செக்ஷன் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஷெட் முழுக்க ஒரே சமயத்தில் சத்தம் கிளம்பியது. லூர்துமேரியின் கணவர் விசில் அடித்தார்.

சுகுணா அப்படியே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ பேருக்கு, 'இந்த இடத்தில் நிறுத்துங்க, மூச்சு விடுங்க, அப்புறம் சொல்லுங்க' என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தவள். பழக்கதோஷத்தில் அந்தப் பேச்சிலும் குறை தேடினாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருந்தார். அவருடைய வாய்க்கு அவளே உட்கார்ந்து தைத்திருந்தாலும் இத்தனை கச்சிதமாக வந்திருக்காது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மாலையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ரெண்டு வார்த்தை!" என்று நிசார் அகமது மைக்கைக் கொண்டு வந்து கையில் திணித்தார். கூட்டம் "அக்கா, அக்கா" என்று கத்தியது.

சுகுணா எழுந்தாள். இத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தவள் இதுவரை ஒரு மேடையிலும் பேசியதில்லை. ஷெட்டின் கூரையைப் பார்த்தாள்.

"நான் எதுவும் எழுதிட்டு வரலீங்க" என்றாள்.

"பரவால்ல" என்றார் ராஜப்பன் பக்கத்திலிருந்து. "பேசு."